இன்புளுயன்ஸாவும் இரண்டு நாட் கூலியும்

மேட்டுப்பாளையம் என்றதும் நீலகிரி மலையடிவாரத்திலுள்ள ஊரே நேயர்களில் பலருக்கு நினைவு வரும். நாம் இங்கு எடுத்துக்கொண்டது அதுவன்று. புதுச்சேரி நகரின் வடமேற்கில், கோரிமேட்டுக்கு அண்மையில், தொழிற்பேட்டையும் லாரி முனையமும் அமைந்துள்ள மேட்டுப்பாளையத்தையே குறிப்பிடுகிறோம். சுற்றுப்புறத்துக் கிராமங்களிலிருந்தும் நகரத்துத் தெருக்களிலிருந்தும் தொழிலாளர்கள் காலையில் அங்கு வந்து சேருகிறார்கள். ஒரே கூரையின் கீழ் தோளோடு தோள் நின்று உழைக்கிறார்கள். ஒரே குழாயில் கைகழுவி, ஒரே இடத்தில் அமர்ந்து உண்கிறார்கள். மாலையில் வீடு திரும்பி, ஓரிரண்டு அறைகளே உள்ள இல்லத்தில் குழந்தைகளோடும் முதிய பெற்றோரோடும் படுத்துறங்குகிறார்கள். இத்தகைய வாழ்க்கையில் ஒருவருக்குக் கண்ட சளி ஜுரம் அவரோடு நின்றுவிடும் என்று எதிர்பார்ப்பது பேதைமையாகும்.

தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால் தெரியும் என்று நம் பெரியோர் சொல்வார்கள். தனக்கு வந்தது பிறருக்குப் போகாமல் காப்பது எப்படி என்பதே இன்று நாம் ஆராய வேண்டிய விஷயம். அதற்கு வேண்டிய வைத்திய அறிவு நம்மிடம் போதிய அளவு இருக்கிறது. குறுக்கே நிற்பது வேறொன்று. அதை மறைக்காமல் சொல்வது நம் கடமை.

பள்ளிக்கு விடுமுறை, பட்டறைக்கு இல்லை

2022 செப்டம்பர் மாதத்தில் புதுச்சேரியில் குழந்தைகளிடையே ஜுரம் வேகமாகப் பரவியது. 1 முதல் 8 வரையுள்ள வகுப்புகளுக்கு அம்மாதம் 17 முதல் 25 வரை சர்க்கார் விடுமுறை அளித்தனர். ஆறு மாதம் கழிவதற்குள் அதே நிலைமை மீண்டும் தோன்றியது. 2023 மார்ச் மாதத்தில் எச்3என்2 என்னும் இன்புளுயன்ஸா தேசமெங்கும் பரவிற்று. மார்ச் 16 முதல் 26 வரை 8-ஆம் வகுப்பு வரையிலுள்ள பள்ளிகள் மூடப்படும் என்று கல்வி மந்திரி நமச்சிவாயம் சட்டசபையில் அறிவித்தார்.

குழந்தைகளைக் காக்க எடுத்த இந்நடவடிக்கையை நாம் குறை கூறவில்லை. ஆனால், பள்ளியை மட்டும் மூடியதால் நோய் செல்லும் வழி முழுவதும் அடைபட்டதாகுமா? பட்டறைகளையும் மூடியிருக்க வேண்டும் என்று நாம் வாதிக்கவில்லை. உடம்பு கொதிக்கக் கொதிக்க வேலைக்குச் சென்ற தகப்பனார், பக்கத்து யந்திரத்தில் நின்றவருக்கு நோயைக் கொடுக்கிறார். அவர் அதைத் தம் வீட்டுக்கு எடுத்துச் சென்று, விடுமுறையில் இருக்கும் தம் குழந்தைக்குக் கொடுக்கிறார். பள்ளியில் அடைத்த கதவு இவ்வாறு வீட்டில் திறந்துவிடுகிறது.

நோயின் இயல்பு

இன்புளுயன்ஸாவைச் சாதாரண ஜலதோஷம் என்று அலட்சியம் செய்வோர் உண்டு. ஜலதோஷம் மெல்ல வந்து மெல்லப் போகும். இதுவோ திடீரென்று தாக்கும். கடும் ஜுரம், உடல்வலி, தலைவலி, வறட்டு இருமல், எழுந்து நிற்க இயலாத அசதி ஆகியவை ஒரே நாளில் ஆளைச் சாய்த்துவிடும். பெரும்பாலோர் ஒரு வாரத்தில் தேறிவிடுகின்றனர் என்பது உண்மையே. ஆயினும், உலகமெங்கும் ஆண்டுதோறும் சுமார் 100 கோடிப் பேரை இது பிடிக்கிறது என்றும், அவர்களில் 30 லட்சம் முதல் 50 லட்சம் பேர் கடுமையாகப் பாதிக்கப்படுகின்றனர் என்றும், 2,90,000 முதல் 6,50,000 பேர் வரை இதனால் சுவாச நோய் கண்டு மாள்கின்றனர் என்றும் உலகச் சுகாதார ஸ்தாபனம் மதிப்பிட்டுள்ளது. மாள்வோரில் மிகுதியானவர்கள் முதியோர்களும், இருதயம், நுரையீரல், சிறுநீரகம் பழுதுபட்டவர்களும், நீரிழிவுக்காரர்களும், பச்சிளங்குழந்தைகளும் ஆவார்கள். கர்ப்பிணிகளுக்கும் அபாயம் அதிகம். ஆகவே, திடகாத்திரமான இளைஞர் ஒருவர் தமக்கு ஒன்றுமில்லை என்று வெளியே திரிவது வீரமாகாது. அவர் மூன்று நாளில் எழுந்துவிடுவார். அவரிடமிருந்து வாங்கிக்கொண்ட பாட்டி எழாமலே போகலாம்.

நோயாளி இருமும்போதும், தும்மும்போதும், பேசும்போதும் வெளிப்படும் நுண்ணிய துளிகளின் வழியாகவே கிருமி பிறரை அடைகிறது. அது பட்ட கைப்பிடியையோ கருவியையோ தொட்ட கையால் மூக்கையும் கண்ணையும் தொடுவதாலும் பரவும். கிருமி உட்புகுந்த ஒன்று முதல் நான்கு நாட்களுக்குள் ஜுரம் காணும். ஜுரம் காண்பதற்கு ஒரு நாள் முன்பே அது பிறரைத் தொற்றத் தொடங்கிவிடுகிறது. ஐந்து முதல் ஏழு நாட்கள் வரை தொற்றிக்கொண்டிருக்கும். அவற்றுள்ளும் நோய் வெளிப்பட்ட முதல் மூன்று நாட்களிலேயே அது மிக உக்கிரமாகப் பரவும். இந்த முதல் சில நாட்கள் என்பதை நேயர்கள் மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டுகிறோம். நாம் மேலே சொல்லப்போகும் விஷயத்துக்கு அதுவே அஸ்திவாரம்.

சரித்திரம் தரும் பாடம்

1918-ல், முதல் உலக யுத்தம் முடியும் தறுவாயில், பம்பாய்த் துறைமுகத்தின் வழியாக இன்புளுயன்ஸா இந்தியாவுக்குள் புகுந்தது. சில மாதங்களுக்குள் அது வாங்கிய பலி ஒரு கோடிக்கு மேல் என்பதில் ஆராய்ச்சியாளரிடையே அபிப்பிராய பேதமில்லை. இருபதாம் நூற்றாண்டில் இந்தியாவின் ஜனத்தொகை பெருகாமல் குறைந்த பத்தாண்டு ஒன்றே ஒன்று. 1911 முதல் 1921 வரையுள்ள அப்பத்தாண்டு அவ்வாறு ஆனதற்கு இந்நோயே தலையாய காரணம். அக்காலத்தில் இந்நோய்க்குத் தடுப்பு மருந்தும் கிடையாது. அதை உண்டாக்கும் கிருமி இன்னதென்றும் தெரியாது. மனிதரைப் பிடிக்கும் இன்புளுயன்ஸா வைரஸை விஞ்ஞானிகள் பிரித்தறிந்தது 1933-ல்தான்.

தமிழ்நாட்டுக்கு நேரே சம்பந்தமுள்ள இன்னொரு சம்பவமும் உண்டு. மலேயாவுக்கும் சென்னைக்குமிடையே தமிழ் மக்களை ஏற்றிச் சென்ற ரஜூலா கப்பலை முதியோர் பலர் அறிவர். 1957 மே மாதத்தில் சிங்கப்பூரிலிருந்து சென்னைக்கு வந்த அக்கப்பலில் இன்புளுயன்ஸா நோயாளிகள் இருந்தனர். ஆசிய இன்புளுயன்ஸா என்று பெயர் பெற்ற அந்நோய் அப்படித்தான் இந்நாட்டில் அடிவைத்தது. 1958 பிப்ரவரி வரையில் நாடெங்கும் 44 லட்சத்துக்கு மேற்பட்டோர் பிடிக்கப்பட்டதாகப் பதிவாயிற்று. ஆயிரத்துக்கு மேற்பட்டோர் இறந்தனர். குன்னூர் பாஸ்டர் ஆராய்ச்சி நிலையத்திலிருந்த இன்புளுயன்ஸா மையம் அவ்வைரஸை ஆராய்ந்தது.

இவ்விரு சம்பவங்களிலிருந்தும் தெரிவது ஒன்று. கப்பலானாலும், ரயிலானாலும், லாரியானாலும் அவை நோயைச் சுமப்பதில்லை. நோய் கண்ட மனிதனே அதைச் சுமக்கிறான். ஜுரம் கண்டவன் இருந்த இடத்திலேயே இருந்தால் நோயும் ஏறக்குறைய அங்கேயே நின்றுவிடும். நாற்புறத்து ஊர்களிலிருந்தும் லாரிகள் வந்து நிற்கும் மேட்டுப்பாளையம் இதை மற்றெவரினும் நன்கு உணர வேண்டும்.

தற்காப்பும் பிறர்காப்பும்

தனி மனிதர் செய்யக்கூடியவற்றை முதலில் சொல்லிவிடுவோம். முதலாவது தடுப்பூசி. இக்கிருமி ஆண்டுக்காண்டு தன் உருவை மாற்றிக்கொள்வதால், ஊசியையும் ஆண்டுதோறும் போட்டுக்கொள்ள வேண்டும். அது பலன் தரச் சுமார் இரண்டு வாரம் பிடிக்கும். ஆதலால் வடகிழக்குப் பருவமழை தொடங்கும் முன்பே போட்டுக்கொள்வது உசிதம். முதியோர், கர்ப்பிணிகள், நாட்பட்ட நோயுள்ளவர், நோயாளிகளோடு பழகும் வைத்தியசாலை ஊழியர் ஆகியோருக்கு இது மிகவும் அவசியம். ஊசி போட்டவருக்கு நோயே வராது என்று நாம் சொல்லவில்லை. வந்தாலும் பெரும்பாலும் உயிருக்கு ஆபத்தாக முற்றாது.

இரண்டாவது சோப்பும் தண்ணீரும். இக்கிருமிக்குக் கொழுப்பாலான மேலுறை ஒன்று உண்டு. சோப்பு அவ்வுறையைக் கரைத்துவிடுகிறது. கிருமி செயலற்றுப் போகிறது. மூன்றாவது காற்றோட்டம். மழைக்கு அஞ்சி ஜன்னல்களை அடைத்து, பலர் ஒரே அறையில் இருப்பது கிருமிக்கு நாமே விருந்து வைப்பதாகும். நான்காவது, இருமும்போதும் தும்மும்போதும் உள்ளங்கையால் மூடாமல், முழங்கையின் மடிப்பிலோ கைக்குட்டையிலோ வாயை மறைத்துக்கொள்வது. உள்ளங்கையில் பட்ட கிருமி, அடுத்த நிமிஷம் நண்பரின் கையில் இருக்கும். 2020-ல் கோவிட் காலத்தில் முகக்கவசம் அணியக் கற்றுக்கொண்டோம். ஜுரமும் இருமலும் உள்ளவர் பிறர் நடுவே செல்ல நேர்ந்தால் அப்பழக்கத்தை மீண்டும் கைக்கொள்வதில் வெட்கமில்லை.

நோய் வந்தபின் ஓய்வும், நிறைய நீராகாரமும், ஜுரத்துக்குப் பாரசிட்டமாலும் பெரும்பாலோருக்குப் போதும். இஞ்சியும் மிளகும் சேர்ந்த கஷாயம் தொண்டைக்கு இதம் தரும். கிருமியை அது கொல்லாது. குழந்தைகளுக்கு ஆஸ்பிரின் கொடுக்கவே கூடாது. கடையில் தாமாகக் கேட்டு வாங்கி ஆண்டிபயாட்டிக் மாத்திரைகளை விழுங்குவது பெருந்தவறு. அவை பாக்டீரியாவுக்கு உரியவை. வைரஸ் அவற்றுக்கு அசையாது. 2023 மார்ச்சில் இந்திய மருத்துவச் சங்கமே இவ்வழக்கத்தைக் கண்டித்து எச்சரிக்கை விடுத்தது. வைரஸை எதிர்க்கும் ஒசெல்டாமிவிர் என்னும் மருந்தோ, நோய் கண்ட 48 மணி நேரத்துக்குள் வைத்தியர் யோசனைப்படி தொடங்கினால்தான் நல்ல பலன் தரும். மூச்சுத் திணறல், மார்பு வலி, மனக்குழப்பம், உதடு நீலம் பாய்தல், குறைந்த ஜுரம் மறுபடி ஏறுதல், குழந்தை நீர் அருந்த மறுத்தல் ஆகியவற்றில் ஒன்று கண்டாலும் ஒரு கணமும் தாமதியாமல் ஆஸ்பத்திரிக்குச் செல்ல வேண்டும்.

இவையனைத்துக்கும் சிகரமானது வீட்டிலிருத்தல். மருந்தின் உதவியின்றி ஜுரம் தணிந்து 24 மணி நேரம் ஆகும்வரை வேலைக்கோ கூட்டத்துக்கோ செல்லாதிருத்தலே பிறருக்குச் செய்யும் பேருபகாரம்.

குறுக்கே நிற்பது எது?

வைத்திய வசதியில் மேட்டுப்பாளையத்துக்குக் குறைவொன்றுமில்லை. 1823-ல் பிரெஞ்சுக்காரர் புதுச்சேரியில் ஏற்படுத்திய வைத்தியப் பள்ளியின் வழிவந்த ஜிப்மர் ஆஸ்பத்திரி அண்டையிலேயே இருக்கிறது. தொழிலாளருக்கான இ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரியும் கோரிமேட்டில் உள்ளது. அப்படியிருந்தும் ஜுரம் கண்ட தொழிலாளி ஏன் வேலைக்குப் போகிறார்? அவருக்குப் புத்தியில்லை என்று நினைப்பவர் அவர் வீட்டு அடுப்பைப் பார்த்தறியாதவர். அவர் ஒரு நாள் படுத்தால் ஒரு நாட் கூலி போகும். இரண்டு நாள் படுத்தால் அடுப்பில் பூனை உறங்கும். நோயை மறைத்துக்கொண்டு செல்வது அவருடைய குணக்கேடன்று. அவரை அந்நிலையில் வைத்திருக்கும் ஏற்பாட்டின் குறையே.

சட்டம் உதவவில்லையா என்று நேயர்கள் கேட்கலாம். 1948-ல் இயற்றப்பட்ட தொழிலாளர் அரசு இன்ஷூரன்ஸ் சட்டம் ஓர் உயர்ந்த சட்டம். சுதந்திர இந்தியா தன் தொழிலாளருக்குச் செய்த முதல் நன்மைகளில் ஒன்று. 2019 ஜூலை முதல் கூலியில் முதலாளி நூற்றுக்கு 3.25 பங்கும், தொழிலாளி 0.75 பங்கும் இதற்குச் சந்தா செலுத்தும் முறை ஏற்பட்டது. நோயுற்ற தொழிலாளிக்கு அம்முறையின் கீழ் ஆண்டுக்கு 91 நாட்கள் வரை கூலியில் நூற்றுக்கு 70 வீதம் உதவித்தொகை உண்டு. ஆனால், அச்சட்டம் ஒரு நிபந்தனை வைத்தது. நோயின் முதல் இரண்டு நாட்களுக்கு உதவித்தொகை கிடையாது. முந்தைய நோய் தீர்ந்து 15 நாட்களுக்குள் மீண்டும் படுத்தால் மட்டுமே அந்நிபந்தனை விலக்கப்படும்.

சில்லறை உபாதைகளுக்கெல்லாம் பணம் கேட்டு நிதியைக் கரைத்துவிடாதிருக்க இவ்விதி செய்யப்பட்டது. கால் முறிந்தவனுக்கும் குடற்புண் கண்டவனுக்கும் இதனால் பெரிய தீங்கில்லை. அவனுடைய நோய் அவனோடு போகும். ஆனால், இன்புளுயன்ஸா விஷயத்தில் இவ்விதி தலைகீழான பலனைத் தருகிறது. எந்த நாட்களில் நோய் மிக உக்கிரமாகப் பிறரைத் தொற்றுகிறதோ, எந்த நாட்களில் அவர் கட்டாயம் வீட்டிலிருக்க வேண்டுமோ, சரியாக அந்த நாட்களுக்கே கூலியில்லை! இரண்டு நாள் பல்லைக் கடித்துக்கொண்டு வேலை செய்து, தொற்று ஓயத் தொடங்கியபின் படுத்துக்கொள் என்று சட்டமே தொழிலாளிக்குச் சொல்லாமல் சொல்கிறது. 10 பேருக்குக் குறைந்த சிறு பட்டறைகளிலும், லாரி முனையத்தில் சுமை ஏற்றி இறக்கியும் பிழைப்போரில் இந்தச் சட்டத்தின் நிழலும் படாதவர் உண்டு. அவர்கள் நிலைமையைப் பற்றிச் சொல்லவேண்டுவதில்லை.

முதலாளிகளுக்கு ஒரு வார்த்தை

இரண்டு நாட் கூலியைச் சும்மா கொடுத்தால் ஜுரம் என்று பொய் சொல்லி விடுமுறை எடுப்பார்கள் என்பர் சிலர். அவ்வாறு செய்வோர் ஒருவரிருவர் இருக்கலாம், நாம் மறுக்கவில்லை. ஜுரத்தை வெப்பமானி காட்டிவிடும்; வைத்தியரின் சீட்டும் கேட்கலாம். ஒருவர் பொய் சொல்லக்கூடும் என்பதற்காக ஒன்பது பேரை நோயோடு வேலை செய்ய விடுவது லாபமான வியாபாரமா? கணக்குப் பார்ப்போம். நோயுற்ற ஒருவர் மூன்று நாள் வராவிட்டால் நஷ்டம் மூன்று நாள் வேலை. அவர் வந்து இருவருக்குத் தொற்றவைத்து, அவ்விருவரும் மும்மூன்று நாள் படுத்தால் நஷ்டம் ஆறு நாள். அவ்விருவரும் மேலும் இருவருக்குக் கொடுத்தால், குறித்த தேதியில் சரக்கு அனுப்ப முடியாமல் போகும். ஜுரத்தோடு யந்திரத்தின் முன் நிற்பவருக்கு நேரக்கூடிய விபத்தை நாம் இக்கணக்கில் சேர்க்கவுமில்லை.

சிறு முதலாளிகளுக்கு இது பாரம் என்பதை நாம் அறிவோம். தொழிற்பேட்டையிலுள்ளோர் கூடி ஒரு பொதுநிதி திரட்டி, மழைக்கால மாதங்களில் மட்டுமேனும் ஜுரம் கண்டவருக்கு முதல் இரண்டு நாட் கூலியை அதிலிருந்து கொடுக்கலாம். மழைக்கு முன் தடுப்பூசி போடவும் அதே நிதி உதவும்.

பிற நாடுகளில் இது நடவாத காரியமுமன்று. புதுச்சேரியை ஆண்ட பிரான்ஸ் தேசத்தில், நோயுற்ற தொழிலாளி உதவித்தொகைக்கு மூன்று நாள் காத்திருக்க வேண்டும் என்பது விதி. கோவிட் பரவிய 2020-ல் அச்சர்க்கார் அக்காத்திருப்பைத் தற்காலிகமாக நீக்கினர். இங்கிலாந்தும் அவ்வருஷம் மார்ச்சில் கோவிட் நோயாளிகளுக்கு அவ்வாறே செய்தது. தொற்று நோயில் முதல் நாட்கள்தாம் முக்கியம் என்பதை அவர்கள் ஒப்புக்கொண்டனர். இந்தியாவில் 2025 நவம்பர் 21 அன்று சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு அமலுக்கு வந்து, 1948-ஆம் வருஷத்துச் சட்டத்தின் இடத்தை எடுத்துக்கொண்டது. சட்டம் புதிதாகும் வேளையில், பழைய விதியை அப்படியே எடுத்து வைத்துக்கொள்ள வேண்டும் என்ற நிர்ப்பந்தமில்லை. இன்புளுயன்ஸா பரவுகிறது என்று சுகாதார இலாகா அறிவிக்கும் காலங்களில் இரண்டு நாட் காத்திருப்பு இல்லை என்று ஒரு விதி செய்தால் போதும். பள்ளிகளுக்கு விடுமுறை விடும் அதே உத்தரவின் பக்கத்தில் இதுவும் இடம் பெறலாம்.

தொண்டர்களின் கடமை

அரசியல் ஊழியர்களுக்கும் தொழிற்சங்கத்தாருக்கும் நம் விண்ணப்பம் இதுவே. போனஸுக்கும் படிக்கும் போராடுவது நியாயம். அந்தக் கோரிக்கைப் பட்டியலில் ஜுர நாட் கூலியையும் ஒரு வரியாகச் சேர்த்துக்கொள்ளுங்கள். மழை தொடங்கும் முன் தெருத்தெருவாகச் சென்று, முதியோரும் கர்ப்பிணிகளும் உள்ள வீடுகளைக் கண்டு, தடுப்பூசியின் அவசியத்தை எடுத்துச் சொல்லுங்கள். ஜுரம் கண்ட குடும்பத்துக்குக் கஞ்சியும் மருந்தும் கொண்டுபோய் வாசலில் வையுங்கள். நீங்களே ஜுரத்தோடு இருந்தால், எவ்வளவு முக்கியமான கூட்டமாயினும் மேடையேறாதீர்கள். பிரசாரம் செய்வோர் தாமே நோயைப் பரப்புவது நகைப்புக்கிடமாகும்.

புதுச்சேரித் தொழிலாளருக்கு இவ்விஷயத்தில் ஒரு பெருமை உண்டு. 1936 ஜூலை 30 அன்று ஆலைத் தொழிலாளர்மீது பிரெஞ்சுப் போலீஸார் சுட்டதில் 12 பேர் உயிர் துறந்தனர். அத்தியாகத்தின் பயனாகவே எட்டு மணி நேர வேலை என்னும் உரிமை இம்மண்ணில் நிலைபெற்றது. நாளொன்றில் எத்தனை மணி நேரம் உழைப்பது என்று கேட்டுப் பெற்ற ஊர், நோயுற்ற நாளில் உழைக்காமலிருக்கும் உரிமையைக் கேட்பதில் பின்வாங்கலாமா? இன்று இதற்கு உயிர்த்தியாகம் வேண்டியதில்லை. முதலாளியின் மனமும், சர்க்காரின் ஒரு விதியும், தொழிலாளியின் பொறுப்புணர்ச்சியும் ஒன்று சேர்ந்தால் போதும்.

அடுத்த மழைக்காலத்தில் மேட்டுப்பாளையத்துத் தொழிலாளி ஒருவர் ஜுரத்தோடு விழித்தெழும்போது, கூலி போய்விடுமே என்று அஞ்சாமல் மறுபடி படுத்துக்கொள்ளும் நிலைமை வரவேண்டும். அவர் வீட்டிலிருந்து காக்கும் உயிர்கள் யாருடையவை என்று அவரும் அறியார், நாமும் அறியோம். பிறர் அறியாமல் செய்யும் அந்த உபகாரத்துக்கு ஊர் கொடுக்க வேண்டிய விலை இரண்டு நாட் கூலியே.